தாய் கூப்பிட்ட குரல்: கென்ஜி மிசோகுச்சியின் ‘சன்ஷோ தயு’ ப்ளூ-ரே இறுவட்டு

யப்பானிய இயக்குநர் கென்ஜி மிசோகுச்சி 1954 இல் எடுத்த ‘சன்ஷோ தயு’ என்ற கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2013 இல் ப்ளூ-ரே இறுவட்டாக வெளியிட்டது. கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் அது வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. படத்தைப் பற்றியும் இறுவட்டைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் படத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன், ஏனெனில் கொழும்பில் இருக்கும் தமிழ் வாசகர்களில் பெரும்பாலானோர் இந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதும், பார்க்க வேண்டியவர்களில் முதல் வரிசையில் நாமே இருக்கிறோம் என்பதும் என் உறுதியான எண்ணம்.

கதை நடப்பது யப்பானின் ஹெயான் காலத்தின் பிற்பகுதியில், அதாவது பதினோராம் நூற்றாண்டில். மனிதர் தம்மை மனிதராக இன்னும் உணராத ஒரு காலத்தின் கதை இது என்று படத்தின் தொடக்க எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. ஒரு மாகாணத்தின் ஆளுநர், தம் குடிமக்களைப் போருக்கு இழுத்துச் செல்வதையும் அவர்களிடம் மேலும் நெல் பறிப்பதையும் எதிர்த்தமைக்காகப் பதவி இழந்து தொலைவிலுள்ள சுகுஷிக்கு நாடு கடத்தப்படுகிறார். சில ஆண்டுகளின் பின் அவருடைய மனைவி தமாகி, மகன் சுஷியோ, மகள் அஞ்சு ஆகியோர் ஒரே ஒரு பணிப்பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவரைத் தேடிக் கால்நடையாகப் புறப்படுகிறார்கள். வழியில் இரவு தங்க இடம் கிடைக்கவில்லை. காட்டோரத்தில் கிளைகளை ஒடித்துக் குடில் கட்டுகிறார்கள். அங்கே கனிவாகப் பேசி வந்த ஒரு பெண் பூசாரி வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறு போட்டு, மறுநாள் படகோட்டிகளிடம் அவர்களைக் காட்டிக்கொடுத்து விடுகிறாள். தாய் ஒரு படகில், பிள்ளைகள் கரையில். தாயை சாதோ தீவில் ஒரு விலைமகளிர் விடுதிக்கு விற்கிறார்கள். பிள்ளைகள் தாங்கோ மாகாணத்தில் சன்ஷோ என்பவனுடைய அடிமைப் பண்ணைக்கு விற்கப்படுகிறார்கள்.

இந்தக் கடற்கரைப் பிரிவை மிசோகுச்சி எடுத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். வேறொருவர் எடுத்திருந்தால் தாயின் முகத்தைத் திரை நிறையக் காட்டியிருப்பார், வயலினை உச்சத்துக்கு ஏற்றியிருப்பார். இங்கே நாம் சற்றுத் தள்ளியே நிற்கிறோம். படகு விலகுகிறது, பணிப்பெண் இழுபறியில் நீரில் விழுந்து மறைகிறாள், பிள்ளைகள் கரையில் பிடிபட்டுத் திமிறுகிறார்கள். எல்லாமே ஒரு சில நிமிடங்களில், எந்த அலங்காரமும் இல்லாமல் நடந்து முடிகின்றன. அருகே போய்ப் பார்க்கவும் முடியாது, தலையிடவும் முடியாது என்ற அந்த இடைவெளியில் நின்றுதான் நாம் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறருடைய துன்பத்தை நம் கண்ணீருக்கு விருந்தாக்காத கண்ணியம் இந்தப் படத்தில் தொடக்கம் முதல் இறுதி வரை இருக்கிறது. நான் இதை உயர்ந்த படைப்பாகக் கருதுவதற்கு முதற்காரணமும் அதுதான்.

தந்தை பிரியும்போது மகனுக்கு ஒரு சிறிய கன்னோன் சிலையைக் கொடுத்து, சில வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்கிறார். இரக்கம் இல்லாதவன் மனிதன் அல்லன், உன்னிடம் நீ கடுமையாக இருந்தாலும் பிறரிடம் கருணையாக இரு, மனிதர் எல்லோரும் சமம், எவருடைய மகிழ்ச்சியும் பறிக்கப்படலாகாது என்பது அதன் சாரம். படம் முழுவதும் இந்தச் சொற்களைத்தான் சோதித்துப் பார்க்கிறது. சொல்வது எளிது. அடிமைக் கொட்டிலில் பத்து ஆண்டுகள் கிடந்த பின்னும் அவை நிற்குமா என்பதே மிசோகுச்சி எழுப்பும் கேள்வி.

கன்னோன் என்பது யப்பானியர் வழிபடும் அவலோகிதேஸ்வரர். துன்பப்படுவோரின் குரலைக் கேட்பவர் என்பது அவரைப் பற்றிய நம்பிக்கை. இந்தத் தெய்வம் நமக்கு அந்நியம் அன்று. கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரே உள்ள நாத தேவாலயத்தில் வழிபடப்படும் நாதரை அவலோகிதேஸ்வரராகவே கொள்வது வழக்கம். தமிழுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு இன்னும் நெருக்கமானது. வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்ததே அவலோகிதனிடம்தான் என்கிறது. அதுவும் பதினோராம் நூற்றாண்டு, பொலன்னறுவை சோழர் கையில் இருந்த காலம். சுஷியோவின் மடியில் அந்தச் சிலை இருக்கும் அதே காலத்தில் தமிழ் இலக்கணம் ஒன்று அந்த அருளாளனைத் தன் மொழிக்கே மூலமாகப் போற்றிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், திரையில் தெரியும் அந்தச் சின்னஞ்சிறு உருவம் வேறொரு கனத்தைப் பெறுகிறது.

படத்துக்கு வைக்கப்பட்டிருப்பது நாயகனின் பெயரும் அன்று, தாயின் பெயரும் அன்று, கொடியவனின் பெயர். சன்ஷோ நிலத்துக்குச் சொந்தக்காரன் அல்லன். தலைநகரில் இருக்கும் ஒரு பெரும் அமைச்சரின் தனியார் பண்ணையை நிர்வகித்து, வருமானத்தை ஒழுங்காக அனுப்பி, அதற்காகப் பாராட்டுப் பெறுபவன். அமைச்சரின் ஆள் வந்து கணக்குப் பார்த்து, நன்றாக நடத்துகிறாய் என்று மெச்சிவிட்டுப் போகும் காட்சி ஒன்று இருக்கிறது. சவுக்குச் சத்தத்தை விட அந்த மெச்சல்தான் எனக்கு அதிகம் பயமூட்டியது. வருமானம் குறைவின்றி வருகிறது, அது எப்படி வருகிறது என்று கேட்க அங்கே எவருக்கும் தேவையில்லை. மலையகத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எங்கோ கேட்ட கதையாகத் தோன்றாது. ஆட்களைச் சேர்த்து அழைத்து வந்த கங்காணி, கணக்கு மட்டும் கேட்ட கொம்பனி, தொழிலாளியின் கடனை ஒரு காகிதத்தில் எழுதி அவனைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கைமாற்றிய, 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டு முறை ஆகியவை நம் பாட்டன் பூட்டன் காலத்தவை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் அல்லர். ஆனால் கொடுமை என்பது ஒரு கெட்ட மனிதனின் குணமாக மட்டும் இருப்பதில்லை, மேலிருந்து கீழ் வரை பலர் தத்தம் கடமையைச் சரியாகச் செய்வதாலும் அது நிலைக்கிறது என்று இந்தப் படம் காட்டும்போது, அதைப் புரிந்துகொள்ள நமக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இனி படத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். என் கணிப்பில் இதன் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பண்ணையில் சன்ஷோவின் மகன் தாரோ தந்தையைப் போன்றவன் அல்லன். பிடிபட்ட ஒருவருக்கு நெற்றியில் காய்ச்சிய இரும்பால் சூடு வைக்கும்படி தந்தை சொல்லும்போது அவன் மறுத்து விடுகிறான். பிள்ளைகளின் கதையைக் கேட்டு, பொறுத்திருங்கள், வளர்ந்த பின் தப்பலாம் என்று சொல்லி, அவர்களுக்குப் புதுப் பெயர்களும் வைத்துவிட்டு, அந்த வீட்டை விட்டே போய்விடுகிறான். பத்து ஆண்டுகள் கழிகின்றன. அஞ்சு மாறவில்லை. சுஷியோவோ தந்தையின் சொற்களை மறந்துவிட்டான். மறந்தான் என்பதை விட, அவற்றால் எந்தப் பயனும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டான் என்பதே சரி. தப்பியோட முயன்று பிடிபட்ட ஒரு கிழவருக்குச் சூடு வைக்கும்படி கட்டளை வருகிறது. தாரோ மறுத்த அதே வேலையை, ஆளுநரின் மகனான சுஷியோ தயங்காமல் செய்து முடிக்கிறான்.

பாதிக்கப்பட்டவன் இயல்பாகவே நல்லவனாக இருப்பான் என்று நம்மில் பலர் நம்ப விரும்புகிறோம். துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். மிசோகுச்சி அந்த ஆறுதலைத் தர மறுக்கிறார். துன்பம் சுஷியோவைப் பண்படுத்தவில்லை, மரத்துப்போகச் செய்தது. கொடியவனின் வீட்டில் வளர்ந்த தாரோவிடம் கருணை இருந்தது, கருணையின் பாடத்தை மனப்பாடமாகச் சொன்ன பிள்ளையிடம் அது அற்றுப்போனது. இந்த இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே வைத்த துணிவுக்காகவே இந்தப் படத்தை வணங்கலாம். அருள் பிறப்பால் வருவதும் அன்று, பாடமாகச் சொல்வதால் நிலைப்பதும் அன்று, ஒவ்வொரு முறையும் விலை கொடுத்துச் செய்ய வேண்டிய செயல் என்ற எண்ணத்தை இங்கே எந்தப் பாத்திரமும் வசனமாகப் பேசவில்லை. நடக்கும் செயல்களே அதைக் காட்டிவிடுகின்றன.

அவன் எப்படி மீள்கிறான் என்பதும் அதே நேர்மையோடு காட்டப்பட்டிருக்கிறது. சாதோவிலிருந்து புதிதாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் வேலை செய்துகொண்டே ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள். சுஷியோவையும் அஞ்சுவையும் பெயர் சொல்லி ஏங்கும் பாட்டு அது. அஞ்சுவின் கை நின்றுவிடுகிறது. யார் பாடிய பாட்டு என்று கேட்கிறாள், அந்தத் தீவில் ஒரு விலைமகள் பாடியதாம் என்று பதில் வருகிறது. அம்மா உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி, கடல் கடந்து, முகம் தெரியாத ஒருத்தியின் வாயில் ஏறி, ஒரு பாட்டாக வந்து சேர்கிறது. அஞ்சுவாக நடிக்கும் கியோகோ ககாவா இந்த இடத்தில் கதறவில்லை. பாட்டை மறுபடியும் பாடும்படி கேட்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தில் பத்து ஆண்டுகள் ஒரே நேரத்தில் வந்து போவதைப் பார்க்கலாம்.

பின்னர் நோயாளியான நமிஜி என்ற பெண்ணை மலையில் விட்டுவிட்டு வரும்படி கட்டளை பிறக்கிறது, சாகட்டும் என்று. சுஷியோ அவளை முதுகில் சுமந்து போகிறான், அஞ்சுவும் கூடவே போகிறாள். நமிஜிக்கு ஒதுங்க ஒரு மறைப்புக் கட்டுவதற்காக இருவரும் சேர்ந்து ஒரு கிளையை இழுக்கிறார்கள். கிளை சட்டென முறிய இருவரும் நிலத்தில் விழுகிறார்கள். படத்தின் தொடக்கத்தில், தாயோடு தங்கிய அந்த இரவில், சிறுபிள்ளைகளாக இருந்தபோதும் இதேபோல் ஒரு கிளையை இழுத்து விழுந்திருந்தார்கள். அப்போது தாய் அவர்களைக் கூப்பிட்ட குரல் இப்போது காற்றோடு காதில் விழுகிறது. சுஷியோ எழுந்து நிற்கும்போது பழைய சுஷியோவாக நிற்கிறான். அறிவுரை கேட்டு மாறிய மனம் அல்ல அது. கைகளுக்கு நினைவிருந்த ஒரு செயல், உடலுக்கு நினைவிருந்த ஒரு விழுகை, அவற்றின் வழியே திரும்பி வந்த மனம். திரைக்கதையில் யோஷிகாதா யோதாவுடனும் புஜி யாஹிரோவுடனும் சேர்ந்து மிசோகுச்சி எவ்வளவு சிந்தித்திருக்கிறார் என்பதற்கு இந்த ஒரு முறிந்த கிளையே போதுமான சான்று.

தப்பிப் போகலாம் என்கிறான் அண்ணன். நமிஜியையும் தூக்கிக்கொண்டு நீ போ, நான் நின்று அவர்களைத் தாமதப்படுத்துகிறேன் என்கிறாள் தங்கை. அவன் போன பின், சித்திரவதை செய்தால் அவன் போன திசையைச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சத்தில் அஞ்சு ஏரிக்குள் இறங்குகிறாள். மரங்களுக்கு இடையே அமைதியான நீர். அவள் முதுகு நமக்குத் தெரிகிறது. மெல்ல நடந்து இறங்குகிறாள். கரையில் ஒரு முதியவள் கைகூப்புகிறாள். மறுபடி நீரைக் காட்டும்போது அங்கே வட்ட வட்டமான சிற்றலைகள் மட்டுமே இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவாவின் பெயரை இந்த ஒரு காட்சிக்காகவே உலகம் முழுவதும் சொல்கிறார்கள் என்றால் அது மிகை அன்று. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் காட்சி அழகாக இருக்கிறது, ஒரு பெண்ணின் சாவு இவ்வளவு அழகாக இருக்கலாமா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. பலமுறை யோசித்த பின் என் பதில், இருக்கலாம் என்பதே. அந்தப் படைப்பாளி அவளுக்குச் செய்யக்கூடிய ஒரே மரியாதை, அவளை வேடிக்கைப் பொருளாக்காமல் இறுதிவரை கௌரவத்தோடு நடக்க விடுவதுதான்.

மூலக்கதையில் இது சற்று வேறுவிதமாக இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக வாய்வழியே சொல்லப்பட்டு வந்த இந்தக் கதையை மோரி ஓகாய் 1915 இல் சிறுகதையாக எழுதினார். அதில் அஞ்சுதான் மூத்தவள், சுஷியோ அவளுடைய தம்பி. அக்கா தம்பிக்காகச் சாவதும், தங்கை அண்ணனுக்காகச் சாவதும் நம் வீடுகளில் கூட ஒரே கனம் உடையவை அல்ல. படத்தில் அண்ணனாக இருப்பதாலேயே சுஷியோவின் வீழ்ச்சி பெரிதாகிறது. காக்க வேண்டியவன் காக்கப்படுகிறான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தலைநகருக்குப் போன சுஷியோ முறையிட்டு, சிறைப்பட்டு, மடியிலிருந்த சிலையால் அடையாளம் காணப்பட்டு, தாங்கோவுக்கே ஆளுநராக நியமிக்கப்படும் பகுதி மிகுந்த அவசரத்தில் ஓடுகிறது. அடிமையாக இருந்தவன் சில காட்சிகளுக்குள் பட்டாடையில் அமர்ந்திருப்பதை நம்புவதற்கு நாட்டார் கதையின் தர்க்கத்தை நாமாக வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியில் சுஷியோவாக நடித்த யோஷியாகி ஹனயாகியின் நடிப்பும் ஒரே சுருதியில் உரத்து நிற்கிறது. ககாவாவுக்கும் தாயாக நடித்த கினுயோ தனகாவுக்கும் பக்கத்தில் அது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சன்ஷோவாக வரும் எய்தாரோ ஷிந்தோவிடமும் முரட்டுத்தனத்துக்கு அப்பால் எதையும் தேட இயலாது.

இருந்தாலும் ஆளுநரான பின் அவன் செய்வது படத்தை மீண்டும் உயரத்துக்குக் கொண்டு போகிறது. தனியார் பண்ணைகள் ஆளுநரின் அதிகாரத்துக்குள் அடங்காதவை என்று அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். தெரிந்துகொண்டே அவன் அடிமை முறையைத் தடைசெய்து அறிவித்தல் பலகைகளை நடுகிறான். சன்ஷோவின் ஆட்கள் அவற்றைப் பிடுங்கி எறிகிறார்கள். அவன் நேரே போய்ச் சன்ஷோவைப் பிடித்து நாடு கடத்துகிறான், அடிமைகளை விடுவிக்கிறான், உடனேயே பதவியையும் துறந்துவிடுகிறான். மணிமேகலையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் உள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அங்கே அரசன் வரம் கொடுக்கிறான். இங்கே வரம் கொடுக்க எவரும் இல்லை. தன் அதிகார எல்லைக்கு வெளியே கை நீட்டியவன் அந்தக் கையையே கொடுத்துவிட்டுப் போகிறான். விடுதலை பெற்றவர்கள் குடித்துக் கூத்தாடி, கடைசியில் சன்ஷோவின் மாளிகைக்கே தீ வைத்துவிடுகிறார்கள் என்பதையும் மிசோகுச்சி மறைக்கவில்லை. ஓகாயின் கதையில் சன்ஷோ அடிமைகளுக்குக் கூலி கொடுக்கத் தொடங்கி முன்னிலும் செழிக்கிறான். போருக்குப் பின், 1947 இல் புதிய அரசியலமைப்பைப் பெற்ற நாட்டில் இருந்து இந்தக் கதையை எடுத்த மிசோகுச்சியால் அந்த முடிவை ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

இவ்வளவு செய்தும் அவனுக்குத் தந்தை கிடைக்கவில்லை, தங்கை கிடைக்கவில்லை. மிஞ்சியது சாதோ தீவு.

இந்தப் பகுதியை நான் முல்லைத்தீவிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த சின்னம்மாவுடன் பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் வராது. இறுவட்டில் ஆங்கில உபதலைப்பு மட்டுமே இருப்பதால், முதலிலிருந்தே நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தப்பிப் போக முயன்றதற்காகத் தமாகியின் கால் நரம்பை வெட்டிவிடும் காட்சிக்குப் பின்னும், நொண்டிக்கொண்டே கடலைப் பார்த்த மேட்டுக்குப் போய், பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அவள் கூப்பிடும் இடம் வந்தபோது சின்னம்மா என் கையைத் தட்டினார். “நீ சொல்ல வேண்டாம் தம்பி, விளங்குது” என்றார். அதற்குப் பிறகு படம் முடியும் வரை நான் ஒரு வரியையும் சொல்லவில்லை. 2017 இன் தொடக்கத்திலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரக் கொட்டகைகளில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த தாய்மாரைத் தெரிந்த ஒருவருக்கு, ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது என்றால் என்ன என்பதை எந்த உபதலைப்பும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுஷியோ தீவுக்கு வந்து தேடும்போது, விடுதியில் தாய்க்கு வழங்கிய பெயரைக் கொண்ட வேறொரு பெண்ணைக் காட்டுகிறார்கள். கடற்கோள் வந்து பலரைக் கொண்டு போயிற்று, அவளும் போயிருப்பாள் என்கிறார்கள். கடற்கரையில் ஒருவர் கடற்பாசி உலர்த்திக்கொண்டிருக்கிறார். அப்பால் ஒரு சிதைந்த குடிசை. கண்ணிழந்த கிழவி ஒருத்தி அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள். மகன் என்று சொன்னால் அவள் நம்பவில்லை, ஏமாற்ற வந்தவன் என்று விரட்டுகிறாள். எத்தனையோ பேர் இப்படி வந்து ஏமாற்றியிருப்பார்கள் என்பது அந்த விரட்டலிலேயே தெரிகிறது. கன்னோன் சிலையைக் கையில் வைத்த பிறகுதான், விரல்களால் தடவிப் பார்த்து, அறிந்துகொள்கிறாள். ஆளுநராகவே வந்து உங்களைத் தக்கபடி அழைத்துப் போயிருக்கலாம், அப்பாவின் சொல்லைக் காக்கப் பதவியை விட்டேன், மன்னியுங்கள் என்கிறான் அவன். அவன் என்ன செய்தான் என்பது தாய்க்குத் தெரியாது. தந்தையின் சொல்லைக் காத்ததால்தான் நாம் மீண்டும் சந்தித்தோம் என்பது மட்டும் தெரியும் என்கிறாள். கினுயோ தனகாவின் முகத்தில் அந்த நேரத்தில் மகிழ்ச்சி என்று பிரித்தெடுக்கவும் முடியாது, துயரம் என்று பிரித்தெடுக்கவும் முடியாது. கமரா மெல்ல மேலெழுந்து, தாயையும் மகனையும் விட்டு, அந்தக் கடற்பாசிக்காரரையும் விரிகுடாவையும் பார்க்கிறது. அவர் தம் வேலையைத் தொடர்ந்து கொண்டிருக்கிறார்.

இயக்குநரைப் பற்றிச் சுருக்கமாக. மிசோகுச்சி 1898 இல் தோக்கியோவில் பிறந்தவர். தந்தையின் தொழில் நொடித்ததால் அவருடைய அக்கா வறுமையில் வேறொரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டு, ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாவாக்கப்பட்டார். பிற்காலத்தில் அந்த அக்காவே தம்பியைத் தாங்கினார். விற்கப்பட்ட பெண்களின் வாழ்க்கையை அவர் மறுபடி மறுபடி படமாக்கியதற்கு இதையே காரணமாகப் பலரும் கூறுவர். 1952 முதல் 1954 வரை அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் வெனிஸ் திரைப்பட விழாவில் அவருடைய படங்கள் பரிசு பெற்றன. மூன்றாவது, இந்தப் படத்துக்கான வெள்ளிச் சிங்கம். 1956 இல் அவர் காலமானார்.

இனி இறுவட்டைப் பற்றி. படத்தின் நீளம் 2 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். உயர்தர எண்மப் பிரதியாகச் சீரமைக்கப்பட்டிருக்கும் படம் பெரிய தொலைக்காட்சியிலும் நன்றாகவே நிற்கிறது. குறிப்பாகத் தொடக்கத்தில் அவர்கள் நாணல் பூத்த வெளியினூடே நடந்து வரும் காட்சியில், வெண்மைக்கும் கருமைக்கும் இடையே உள்ள சாம்பல் நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே தெரிகின்றன. சில இடங்களில் மூலப்பிரதியின் தேய்மானம் தெரியத்தான் செய்கிறது, அது படத்தைக் கெடுக்கவில்லை. ஒலி ஒற்றைத் தடத்தில், சுருக்கப்படாமல் இருக்கிறது. புமியோ ஹயசாகாவின் இசையில் வரும் யப்பானிய மரபு வாத்தியங்களும் தாயின் குரலும் தெளிவாகக் கேட்கின்றன. பேச்சொலி அந்தக் கால வரம்புக்கு உட்பட்டதே.

இணைப்புகளில் ககாவாவின் நேர்காணலும், மிசோகுச்சியிடம் உதவி இயக்குநராக இருந்த தொகுசோ தனகாவின் நேர்காணலும், விமர்சகர் தடாவோ சாட்டோவின் விளக்கமும் உள்ளன. யப்பானிய இலக்கிய அறிஞர் ஜெப்ரி ஆங்கிள்ஸ் படம் முழுவதற்கும் பேசியிருக்கும் விளக்கவுரையில், கதையின் பழைய வடிவங்களைப் பற்றி அவர் சொல்பவை எனக்கு மிகவும் பயன்பட்டன. உறைக்குள் சிறு நூல் ஒன்றும் இருக்கிறது. ஓகாயின் சிறுகதையும், அதற்கு முந்தைய வாய்வழிக் கதையின் எழுத்து வடிவம் ஒன்றும் ஆங்கிலத்தில் அதில் இடம்பெற்றிருக்கின்றன. விலையில் பாதி அந்த நூலுக்காகவே என்று சொல்லலாம். முதலில் படத்தைப் பாருங்கள், அதன் பின் ஓகாயைப் படியுங்கள், கடைசியாக விளக்கவுரையோடு மறுபடி பாருங்கள். ஓகாயை முதலில் படித்தால், அண்ணனும் தங்கையும் ஆகிய மாற்றம் தரும் அதிர்ச்சி வீணாகிவிடும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வெளியான இந்த ப்ளூ-ரே ‘ஏ’ வலயத்துக்கு உரியது. இலங்கையோ ‘சி’ வலயத்தில் அடங்குவது. ஆகவே இங்கே சாதாரணமாக விற்கப்படும் கருவியில் இது ஓடாமல் போகலாம். எல்லா வலயங்களையும் ஏற்கும் கருவி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். வெளிநாட்டு உறவினர் எவரிடமாவது சொல்லி வாங்குவதாக இருந்தால், டிவிடி அல்ல, ப்ளூ-ரே என்று தெளிவாகச் சொல்லுங்கள். டிவிடிக்கு வலயப் பிரிவு வேறு, படத்தின் தெளிவும் குறைவு. ஆங்கிலம் தெரியாத மூத்தவர்களோடு பார்ப்பதாக இருந்தால், முன்னதாகத் தனியே ஒருமுறை பார்த்து, தந்தையின் சொற்களையும் தாயின் பாட்டையும் மட்டுமாவது தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அவர்கள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள்.